பிஞ்சுக் குதிக்காலும் ஊசியின் ஆழமும்

பிறந்த குழந்தைக்கு அழுகையே மொழி. ஆயின், குருதியிற் குளுக்கோசு குறைந்த குழந்தை பல வேளைகளில் அழுதுங் காட்டுவதில்லை. சோர்ந்து உறங்குவதுபோற் கிடக்கும். மூளையின் தலையாய எரிபொருள் குளுக்கோசே. அது மிகக் குறைந்து நெடுநேரம் நிற்பின், வலிப்பும் மூளைக்கு மாறாத ஊறும் நேரலாம். நிறைகுறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைகளுக்கும், நீரிழிவுடைய தாயரின் குழந்தைகளுக்கும் இவ்விடர் மிகுதி. குளிர் இதனைப் பின்னும் பெருக்கும். இலங்கையில் நிறைகுறைந்த பிறப்பு தோட்டப் பகுதிகளிலேயே விகிதத்திற் கூடுதலாகும். ஆதலின், நக்கிள்ஸ் மலைச்சாரலிற் தோட்டங்கள் பரந்த நம் மாத்தளை மாவட்டத்தார்க்கு இஃது அயலார் செய்தி அன்று.

குதிக்காலிற் குத்திப் பெறும் ஒரு சிறு துளியே சோதனைக்குப் போதும். லீற்றருக்கு 2.6 மில்லிமோலுக்குக் குறையின் மருத்துவர் கவனிப்பது பொதுவழக்கு. அத்துளியைப் பெறும் லான்செற் எத்தகையதாதல் வேண்டும்?

1979ஆம் ஆண்டில், இறந்த சிசுக்களின் குதிக்கால்களை அளந்து ஆராய்ந்தோர் இதற்கு விடை கண்டனர். உள்ளங்காற் பக்கத்திற் தோலுக்கும் குதியென்புக்கும் இடையிலுள்ள தூரம், மிகச் சிறிய குழந்தைகளில் 2.4 மில்லிமீற்றரே. குதியின் பின்வளைவில் அதிலும் ஏறத்தாழப் பாதி. குருதிக் கலன்கள் செறிந்த படையோ 0.35 முதல் 1.6 மில்லிமீற்றர் ஆழத்திலேயே உள்ளது. எனவே ஆழக் குத்துவதாற் குருதி பெருகாது. என்பில் நோய்த்தொற்றே நேரலாம். 2.4 மில்லிமீற்றரே கடக்கலாகாத எல்லை. குறைமாதக் குழந்தைக்கென 0.85 மில்லிமீற்றர் லான்செற்றும் உண்டு. குத்துமிடம் உள்ளங்காற் குதியின் இரு ஓரங்களே. நடுவும் பின்வளைவும் விலக்கத்தக்கன.

அடுத்து, கருவியின் வகை. கையாற் குத்தும் வெறும் ஊசியின் ஆழம் கையின் விசையைப் பொறுத்தது. வளர்ந்தோரின் விரலுக்கான லான்செற்றும் சிசுவின் குதிக்குரியதன்று. சிசுக்களுக்கென அமைந்த தானியங்கிக் கருவியில் ஆழம் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. அதன் அலகு தோலை மேலாகக் கீறியவுடன் தானே உள்வாங்கும். நேராகக் குத்துவது இழையத்தை நசுக்கும். கீறலிலிருந்து குருதி எளிதில் வழியும். ஆதலின் மறுமுறை குத்துவதும் கன்றுவதும் குறையும். ஒருமுறைக்குமேற் பயன்படாமையால், ஒருவர் குருதியிலுள்ள கிருமி மற்றொருவரை அடையாது.

கருவி நன்றாயினும் கைப்பழக்கமும் வேண்டும். குதியை இளஞ்சூடாக்குக, தூய்மையாக்கும் மதுசாரம் உலருமட்டும் பொறுக்க, முதற்றுளியைத் துடைத்துவிடுக, பிழியற்க. பிழியின் இழையநீர் கலந்து அளவு பிழைக்கும். தாய்ப்பால் பருகும்போது குத்தின் குழந்தைக்கு நோவு குறையும். மிகுதியான குருதி வேண்டின், பயின்றவர் நாளத்திலிருந்து எடுப்பதே நோவு குறைந்த வழி.

மருத்துவமும் தாதியமும் பயில விழையும் மாணவர் இதனை உளங்கொள்க. வைத்தியசாலைக்குக் கருவிகள் வழங்க முன்வரும் பழைய மாணவரும், விலையை மட்டும் நோக்காது, எந்நிறைக் குழந்தைக்கு எவ்வாழம் என வினவி வாங்குவாராக. ஒரு மில்லிமீற்றர் சிறிதன்று. பிஞ்சுக் குதிக்காலில் அது தோலுக்கும் என்புக்கும் இடைப்பட்ட தூரம்.