விடிந்தும் மடங்காத விரல்கள்

பாடாங் செராய்ப் பக்கத்தில் பால்வெட்டுக்குப் போகும் அக்கா ஒருவர். விடியற்காலையில் பிரட்டுக்குக் கிளம்பும்போது உளியைப் பிடிக்க விரல் மடங்காது. "கை வீங்கியிருக்கே அக்கா?" என்று விசாரித்தோம். "ஒண்ணுமில்ல தம்பி, பனியில நடக்கிறோமில்ல, வாய்வுதான். வெயில் ஏறினா சரியாப் போயிடும்" என்றார். ஒரு வருஷமாக இதே பதில்!

தோழர்களே, தாய்மார்களே! எல்லா மூட்டு வலியும் வாய்வு அல்ல. தேய்ந்துபோன முழங்கால் உழைத்தால் வலிக்கும், உட்கார்ந்தால் ஆறும். முடக்கு வாதமோ நேர்மாறு. தூங்கி எழுந்த காலையில்தான் விறைப்பு அதிகம். ஒரு மணி நேரம் ஆனாலும் விடாது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டும் மணிக்கட்டும் வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படையே, ஆள் தெரியாமல் மூட்டைத் தாக்குவதுதான் இந்நோய். பனியும் காரணமல்ல, முன்வினையும் காரணமல்ல. புகை பிடிப்பது இதை மோசமாக்கும்.

சில வாரமாகியும் வீக்கம் வடியவில்லையா? காத்திருக்கலாகாது. முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். கோணிப்போன விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். தேவையானால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

அங்கே பெரும்பாலும் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட். இதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்து வையுங்கள். பலன் தெரியப் பல வாரம் ஆகும். இரத்தச் சோதனைக்குத் தவறக்கூடாது. சம்சு, பீர் கூடாது, ஈரல் கெடும். கர்ப்பிணிகளும், பிள்ளை பெற நினைப்பவர்களும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம்மவர்கள் ஏமாறும் இடம் பாசார் மாலாம். அங்கே விற்கும் ஜாமு, மாத்திரைகளைச் சாப்பிட்டால் மறுநாளே வலி பறந்துவிடுகிறதாம்! இத்தகைய சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

"ஒரு நாள் போனா சம்பளம் போகுமே" என்ற பயம் நமக்குத் தெரியாததல்ல. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, எம்.சி. இருந்தால் சர்வீசைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் லீவு உண்டு. வேலையே செய்ய முடியாமற் போனால், சந்தா போதுமான அளவு கட்டியிருக்கும் 60 வயதுக்கு உட்பட்டவர்கள் சொக்சோவில் இயலாமைப் பென்சனுக்கு மனுச் செய்யலாம். இது தருமமல்ல, நம் உரிமை. சங்கக் கிளைக்கு வாருங்கள். பாரம் நிரப்பித் தருகிறோம்.

அந்த அக்கா கடைசியில் போனார். சில மாத மருந்துக்குப் பிறகு, "வலி முழுசாப் போகல தம்பி, ஆனா கொண்டைய நானே போட்டுக்கிறேன்" என்கிறார். ஒரு விரல் மட்டும் கோணியது கோணியதுதான். அவர் ஒரு வருஷம் பொறுத்தார். நீங்கள் பொறுக்காதீர்கள்.