உப்பும் அறிவும்

மும்பையின் கிழக்குப் பகுதியில் அமைந்த ஊர் விக்ரோலி. அங்கே கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்கு அப்பால், தாணே கடற்கழியின் ஓரமாக அலையாத்திக் காடுகளும் உப்பள நிலங்களும் பரந்து கிடக்கின்றன. விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப் ஆகிய ஊர்களையொட்டிய இந்நிலங்களில் நெடுங்காலம் உப்பு விளைந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மும்பையில் குடியேறிய தமிழர்க்கு இக்காட்சி புதியதன்று. அவர்களுடைய சொந்த ஊர்ப் பக்கத்திலும் வெயிலில் மின்னும் உப்புக் குவியல்கள் உண்டு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு உள்ளது; அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு உரியது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி. உப்பு உணவுக்குச் சுவை தருகிறது என்பதை அனைவரும் அறிவர். ஆனால், அது மூளைக்கும் துணை செய்கிறது என்பதைப் பலர் அறியார்.

மூளைக்கு வேண்டுவன

மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் 2 பங்கே. எனினும், உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் காலையுணவு உண்ணாத மாணவர்க்குப் பாடத்தில் மனம் ஊன்றுவது கடினமாகிறது. அரிசி, கோதுமை, கேழ்வரகு ஆகியவை மூளைக்கு ஆற்றலைத் தருகின்றன. பருப்பு, முட்டை, பால் ஆகியவை வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்தைத் தருகின்றன. மத்தி போன்ற மீன்களில் மூளைக்கு நன்மை செய்யும் கொழுப்பு உள்ளது. கீரையிலும் பயறு வகைகளிலும் உள்ள இரும்புச்சத்து, குருதி வழியாக மூளைக்கு உயிர்வளி செல்ல உதவுகிறது.

இவற்றோடு, மிகச் சிறிய அளவில் தேவைப்படும் சத்து ஒன்றும் உண்டு. அதுவே அயோடின். 6 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்க்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், பெரியவர்க்கு 150, கருவுற்ற தாய்மார்க்கு 250. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம் ஆகும்.

சிறிய அளவு, பெரிய பணி

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி உள்ளது. அது அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் சுரப்புநீரை உண்டாக்குகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை சரிவர உருவாக இச்சுரப்புநீர் இன்றியமையாதது. தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றும். செவித்திறனும் பேச்சும் பாதிக்கப்படலாம். அப்போது நேர்ந்த இழப்பைப் பிற்காலத்தில் எந்த மருந்தாலும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. ஆனால், வராமல் தடுப்பது மிக எளிது.

அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பி வீங்குவதும் உண்டு. அதனை முன்கழுத்துக் கழலை என்பர். மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அடித்துச் செல்வதால், இமயமலை அடிவாரத்தில் விளையும் பயிர்களில் இச்சத்து மிகக் குறைவு. எனவே, அங்கே இந்நோய் பெருமளவில் காணப்பட்டது.

காங்க்ரா காட்டிய வழி

இன்று இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில், 1956ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த அப்பகுதி மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பிரிவுகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட இரு பிரிவுகளிலும் கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. மற்றொன்றில் அவ்வாறு குறையவில்லை. பின்னர் அப்பிரிவினர்க்கும் அயோடின் உப்பு வழங்கப்பட, அங்கும் நோய் குறைந்தது.

இந்திய அரசு 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. செல்வரும் வறியரும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் பொருள் உப்பு. ஆகவே, அதுவே அயோடினை வீடுதோறும் சேர்க்கும் ஊர்தியாயிற்று. உணவுக்கென விற்கப்படும் உப்பில் அயோடின் இருக்கவேண்டும் என்னும் விதி 2006 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது.

கடலருகே இருந்தும்...

உப்பு கடல்நீரில் விளைகிறது. அப்படியிருக்க, அயோடினைத் தனியே சேர்ப்பது ஏன்? கடல்நீரில் அயோடின் மிகச் சிறிதளவே உள்ளது. பாத்தியில் உப்பு படியும்போது அதுவும் பெரும்பாலும் எஞ்சிய நீரோடு போய்விடுகிறது. ஆகையால், உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பு தூயதாயினும் அதில் போதிய அயோடின் இராது. ஊரிலிருந்து அன்போடு கொண்டுவரும் கல்லுப்புக்கும் இது பொருந்தும். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது. உறையின்மேல் அச்சிட்டுள்ளதைப் படித்து வாங்குதல் நன்று.

அயோடின் உப்பை ஈரமும் வெயிலும் படாமல் மூடிய சாடியில் வைக்கவேண்டும். சமையலின் இறுதியில் சேர்த்தால் அயோடின் வீணாவது குறையும். மேலும், அயோடின் வேண்டும் என்பதற்காக மிகுதியாக உப்பு உண்ணலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் உண்பதே நலம். அளவு மிஞ்சினால் குருதி அழுத்தம் உயரும்.

சமையலறையின் ஒரு மூலையில் இருக்கும் உப்புச் சாடி, பிறக்கப்போகும் குழந்தையின் அறிவுக்கும் காவலாக நிற்கிறது.

சொற்பொருள்

கடற்கழி – நிலத்துள் நீண்டு புகுந்த கடல்நீர்ப் பகுதி
உயிர்வளி – ஆக்சிஜன்
குருதி – இரத்தம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. கருவுற்ற தாய்மார்க்கு அயோடின் மிகவும் தேவைப்படுவது ஏன்?
2. காங்க்ரா ஆய்வில் ஒரு பிரிவினர்க்குச் சாதாரண உப்பு வழங்கியதால் அறிந்துகொண்டது யாது?
3. வீட்டிலுள்ள உப்பு உறையைப் பார்த்து, அதில் அயோடின் பற்றி எழுதியுள்ளதைத் தமிழில் எழுதுக.