மலை கரையும் கணக்கு ஏன் எல்லார் கைக்கும் வர வேண்டும்?

கான்சாபுரத்துக்கு மேற்கே நிற்கும் மலையிலிருந்து மழைநீர் இறக்கும் மணல் ஓடைகளிலும் பிளவக்கல் அணையிலும் படிகிறது. மலை என்ன வேகத்தில் கரைகிறது? மணலின் குவார்ட்ஸ் துகள்களில் விண்கதிர் உண்டாக்கும் பெரிலியம்-10 அணுக்களை எண்ணினால் தெரியும். மெல்லத் தேயும் மலையில் கல் மேற்பரப்பருகே நெடுங்காலம் கிடந்து அணுக்களை மிகுதியாகச் சேர்க்கும். வேகமாகத் தேய்ந்தால் குறைவாகவே சேரும். இப்படிக் கிடைப்பது பல்லாயிரம் ஆண்டுச் சராசரி. இன்றைய வண்டல் இயற்கை அளவா, மனிதர் கூட்டியதா என்று ஒப்பிட்டுச் சொல்ல அந்த எண் வேண்டும்.

ஆனால் அந்த எண்ணைத் தரும் ஆய்வுக் கட்டுரைகளில் பல கட்டணப் பூட்டுக்குள் இருக்கின்றன. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் 2013-இல் தொடங்கிய ‘எர்த் சர்ஃபேஸ் டைனமிக்ஸ்’ இதழ் கையெழுத்துப் படியையும் மதிப்பீட்டாளர் விமர்சனத்தையும் எல்லாருக்கும் திறந்து வைக்கிறது. சரிபார்க்காத முடிவு மக்களைக் குழப்பாதா என்பார்கள். குறையைச் சுட்டும் விமர்சனம் பக்கத்திலேயே இருக்கிறதே. மூடிய மதிப்பீட்டில் அதுவும் நம் கண்ணில் படாது. திறந்த இதழில் வெளியிடக் கட்டுரையாளர் செலுத்தும் கட்டணம் சுமை என்பது வலுவான மறுப்புதான். ஆய்விதழ்களைப் படிக்க 2025-இல் வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமோ அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே வாசல் திறக்கிறது. பாசன விவசாயி வெளியேதான். செலவில்லாத வழி ஒன்று உண்டு: தன் நிதியில் நடந்த ஆய்வுக் கட்டுரையின் படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2014-லேயே கொள்கை வகுத்தது. அதை நம் பல்கலைக்கழகங்கள் கண்டிப்புடன் செயல்படுத்த வேண்டும்.