லோடு வண்டிக்கு இரும்பு பாடியா, அலுமினிய பாடியா?

குட்டியானை போன்ற சிறு சரக்கு வண்டிகளை நம்மில் பலர் சொந்தமாக வைத்திருக்கிறோம். பாடி துருப்பிடித்து, புதிதாகக் கட்டும்போது எழும் கேள்வி இது.

விலையில் இரும்பே மலிவு. எண்ணெய் டின்னை இழுத்தாலும் மூட்டையைப் போட்டாலும் தாங்கும். எந்த ஊர்ப் பட்டறையிலும் வெல்டிங் வைக்கலாம். ஆனால் உப்பு மூட்டையும் மழை ஈரமும் சேர்ந்தால் துரு அரித்துவிடும்.

அலுமினியம் துருப்பிடிக்காது. எடையோ இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வலுவுக்காகத் தடித்த தகடு போடுவதால் இந்த மிச்சம் சற்றுக் குறையும். பாடியில் 50 கிலோ குறைந்தாலும் நடைக்கு 1 மூட்டை சர்க்கரை கூடுதலாக ஏற்றலாம். ஆண்டுக்கு 300 நடை என்றால் 15 டன்! அளவுக்கு மீறி ஏற்றினால், 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய் என்பதையும் நினைவில் கொள்வோம்.

அலுமினியத்தில் விரிசல் விட்டால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறை வேண்டும். இரும்புச் சட்டத்தில் உட்காரும் இடத்தில் ரப்பர் வைக்காவிட்டால் அங்கே அரிக்கும்.

நாள்தோறும் முழு லோடு ஏற்றும் மொத்த வியாபாரிக்கு அலுமினியம் லாபம். அரை லோடுடன் ஊருக்குள் ஓடும் மளிகைக் கடை வண்டிக்கு இரும்பே போதும். எதுவானாலும் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, புதிய காலி எடையை ஆர்.சி.யில் பதிவு செய்வோம். பட்டறையில் விலை கேட்குமுன் எடையைக் கேட்போம்.