இசையும் கவனமும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் முழு அமைதி அரிது. இரயில் ஓசை, வாகன இரைச்சல், கடைகளிலிருந்து பாட்டு. கிள்ளான் கடைத்தெருவும் அப்படித்தான். படிக்கும்போது வானொலியை அடைக்கச் சொல்வது பெற்றோர் வழக்கம். கவனக்குறைபாடும் மிகைச் செயற்பாடும் உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் இது பொருந்துமா?

1996இல் ஹோவர்ட் அபிகோஃப் குழுவினர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இக்குறைபாடுள்ள 20 சிறுவரும் குறைபாடில்லாத 20 சிறுவரும் கணக்குப் போட்டனர். ஒருமுறை பிடித்த இசையுடன், ஒருமுறை பிறர் பேச்சொலியுடன், ஒருமுறை அமைதியில். குறைபாடில்லாதவர்களுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். மற்றவர்களோ இசையின்போது கூடுதலாகச் சரியான விடை எழுதினர். அதிலும், முதலில் இசையைக் கேட்டவர்களிடமே இப்பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, இதை மருந்தாகக் கருதிவிட முடியாது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. இவர்களின் மூளையில் தூண்டல் குறைவாக இருக்கலாம். சலிப்பூட்டும் வேலையில் அது வேறு தூண்டலைத் தேடி அலைகிறது. இசை அந்தக் குறையை ஓரளவு நிரப்பலாம்.

கணக்கு வேறு, வாசிப்பு வேறு. தமிழ்ப் பாடம் வாசிக்கும்போது தமிழ்ப் பாட்டு ஒலித்தால், பாட்டின் சொற்கள் பாடத்தின் சொற்களோடு மோதும். அப்போது சொல்லில்லாத வீணையோ புல்லாங்குழலோ அவ்வளவாக இடையூறு செய்யாது.