தொழில் செய்யும் மகளிரும் கைப்பேசியும்

நமது கிராமங்களில் இட்லி மாவு அரைத்து விற்கும் தாய்மார்களும், தையல், கூடை முடைதல், கறவை மாடு வளர்த்தல் முதலிய தொழில்களை நடத்தும் சகோதரிகளும் பலர் உளர். 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. அது முதல் சேமிப்பும் கடனும் படிப்படியாக இவர்கள் கைக்கு எட்டின. இன்று கைப்பேசியும் இவர்தம் தொழிற் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. அக்கருவியின் பயன் உழைத்தவரையே சேர்கிறதா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் அறிமுகமான யு.பி.ஐ. முறையில், வாடிக்கையாளர் கடையிலுள்ள கியூ.ஆர். அட்டையைத் தம் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் செலுத்துகிறார். அப்பணம் அட்டைக்குரிய வங்கிக் கணக்கில் சேருகிறது. அக்கணக்கு கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்குமாயின், மாவு அரைத்தவர் கையில் மாலையில் ஒரு காசும் இராது. முன்பு முந்தானையில் முடிந்து வைத்த பணத்தின்மீது இருந்த உரிமையும் போய்விடும். ஆகவே கணக்கும், அதனுடன் இணைத்த கைப்பேசி எண்ணும், இரகசிய எண்ணும் தொழில் செய்பவரிடமே இருத்தல் வேண்டும்.

இதனால் வேறொரு நன்மையும் உண்டு. அன்றாட வரவுகள் கணக்கில் பதிவாகின்றன. வங்கியில் கடன் கேட்கும்போது, தொழில் நடைபெறுவதற்கு அப்பதிவு சான்றாக நிற்கும். வீட்டுச் செலவு அதில் கலந்தால் இலாபம் எவ்வளவு என்பது விளங்காது; எனவே தொழிலுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நலம். மின்கட்டணத்தை வீட்டிலிருந்தே செலுத்தினால், அலையும் நேரம் மிச்சமாகித் தொழிலுக்கோ ஓய்வுக்கோ உதவும்.

எச்சரிக்கையும் இன்றியமையாதது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. "பணம் அனுப்புகிறோம், எண்ணைப் பதியுங்கள்" என்பவர் ஏமாற்றுக்காரர் என்று அறிக. பணம் செலுத்தியதாகக் காட்டப்படும் படத்தை நம்பாமல், தம் கணக்கில் வரவானதைக் கண்ட பின்னரே பொருளைத் தருதல் வேண்டும். ஏமாற நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

படித்த பிள்ளைகள் தாய்மார்களுக்காகத் தாமே இவற்றைச் செய்துவிடுதல் போதாது. பொறுமையுடன் கற்பித்தல் வேண்டும். குழுக் கூட்டங்களில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்கலாம் என்று கருதுகிறோம். உறுப்பினர்கள் தமக்குள் ஒரு ரூபாயை அனுப்பியும் பெற்றும் பழகினால், அச்சம் தானே நீங்கும்.