பன்னிரண்டு வருஷப் பூவைப் பார்க்கப் போனோம்!

நம் வீடுகளில் 'டூர்' என்றால் என்ன? முதல் நாள் ராத்திரியே புளியோதரை கிளறி, தயிர் சாதத்துக்கு மாவடு எடுத்து வைத்து, குழந்தைகளின் ஸ்வெட்டர், மாமியாரின் மாத்திரை, தைலம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, போன இடத்திலும் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறிவிட்டு வருவது! அடுப்பு மட்டும்தான் வீட்டில் இருக்கும். வேலை கூடவே வரும். அதனால்தான், "நாம ரெண்டு பேர் மட்டும் காரில் போயிட்டு வரலாமா?" என்று என்னவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அது 2018 செப்டம்பர். கொடைக்கானலில் குறிஞ்சி பூத்திருந்த சமயம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் சரிவு முழுக்கப் பூக்கும். பூத்து விதை விட்டதும் அந்தச் செடி பட்டுப்போகும். 2006-இல் பூத்தபோது என் மகள் கைக்குழந்தை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டோம். இந்த முறையும் விட்டால் 2030! இதற்கு நடுவில் இவருக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. "குழந்தைகளை நான் பார்த்துக்கறேன், போயிட்டு வாங்கோ" என்று மாமியாரே சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

திருச்சியிலிருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று நேர் ரோடு. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மதுரையில் இருந்தோம். இறங்கியதும் முதல் வேலை, மல்லிகை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல். ஆனால் அதன் கெட்டியான மொட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குச் சான்றிதழ் எதற்கு?

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். பருத்திப் பாலை எல்லோரும் ஒரு முறை குடித்துப் பார்க்க வேண்டும். வீட்டிலும் செய்யலாம். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊற வைத்து, அரைத்துப் பால் எடுத்து, அதில் கொஞ்சம் அரிசி மாவைக் கரைத்துவிட்டு, அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் சேர்த்தால் ஆயிற்று. ஜிகர்தண்டா இன்னொரு ரகம். சுண்டக் காய்ச்சிய பால், ஊற வைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சர்க்கரைக்காரருக்கு இது ஆகவே ஆகாது. இவர் முகம் போன போக்கைப் பார்த்து, என் தம்ளரிலிருந்து ரெண்டு ஸ்பூன் கொடுத்தேன். மூன்றாவது ஸ்பூனுக்கு நான் கண்ணை உருட்ட வேண்டியிருந்தது.

ராத்திரி ஏழு மணிக்கே இட்லிக் கடை. வாழை இலையில் ஆவி பறக்கும் இட்லி, நாலு வகைச் சட்னி. ஒருவர் வந்து, "இன்னும் ரெண்டு வைக்கட்டுமாம்மா?" என்று என்னைக் கேட்கிறார். என்னை! எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசி ஈட்டை ஆறிப்போய்ச் சாப்பிட்டே பழகியவள் நான். அந்த இட்லியின் ருசி மாவில் மட்டும் இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

அவ்வளவு சீக்கிரம் சாப்பிட்டதற்குக் காரணம், எட்டு மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலில் தமிழ் ஒலி-ஒளிக் காட்சி. 1636-இல் கட்டிய அரண்மனை. இன்றைக்கு நாம் பார்ப்பது அதில் ஒரு பகுதிதான். அந்தப் பிரம்மாண்டத் தூண்களின் மேல் சிவப்பும் நீலமுமாக விளக்கு மாற, சிலப்பதிகாரக் கதை குரலில் வருகிறது. கண்ணகி நியாயம் கேட்கும் இடத்தில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயமா, பாசமா, கேட்கவில்லை. (பராமரிப்பு வேலைக்காகக் காட்சியை நிறுத்தி வைப்பதும் உண்டு. விசாரித்துக்கொண்டு போங்கள்.)

மறுநாள் காலையில்தான் சோதனை. இவர் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கடையில் கூட்டம். "வத்தலக்குண்டு போய் நிதானமா சாப்பிடலாம், வா" என்று வண்டியை எடுத்துவிட்டார். "மாத்திரை போட்டாச்சே, நாலு பிஸ்கட்டாவது சாப்பிடுங்க" என்றேன். "பசிக்கலை." வழியில் லாரி நெரிசலில் முக்கால் மணி நேரம் போயிற்று. வத்தலக்குண்டை நெருங்கும்போது ஏதோ கேட்டேன். சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தார். திரும்பிப் பார்த்தால், ஏ.சி. ஓடும்போதே நெற்றியெல்லாம் வியர்வை, ஸ்டியரிங்கில் விரல்கள் நடுங்குகின்றன.

"என்னங்க, ஓரமா நிறுத்துங்க. இப்பவே" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, மறு பேச்சில்லாமல் நிறுத்திவிட்டார். சர்க்கரை பார்க்கும் மெஷினில் 58! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. கைப்பையில் குளுக்கோஸ் பொடி இருந்தது. மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் 86. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. உடனே இட்லி வாங்கிச் சாப்பிட வைத்தேன்.

சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாமே இப்படிச் செய்வதில்லை. சில வகை மாத்திரைகளும் இன்சுலினும்தான், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடுவது எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து நிமிஷத்தில் ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குளுக்கோஸ் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும், நேரே ஆஸ்பத்திரிதான்.

"திரும்பிடலாமா?" என்றார் இவர், ஈனஸ்வரத்தில். சாவியை நான் வாங்கிக்கொண்டேன். லைசென்ஸ் எடுத்து ஐந்து வருஷம். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதைத் தாண்டி ஓட்டியதில்லை. மலைப்பாதையா என்று நெஞ்சு படபடத்தது நிஜம். ஆனால் சர்க்கரை இறங்கி ஏறியவர் உடனே ஓட்டக் கூடாது. முக்கால் மணி நேரமாவது போக வேண்டும். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாகிவிட்டது, இன்னொரு பன்னிரண்டா? ஓரமாகக் காத்திருந்து, இன்னொரு முறை சர்க்கரை சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, நானே வண்டியைக் கிளப்பினேன்.

ஒரு அதிசயம் சொல்கிறேன். மலை ஏறினாலே எனக்கு வாந்தி. எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையுமாகத்தான் போவேன். அன்றைக்கு அத்தனை வளைவிலும் ஒரு குமட்டல் கூட இல்லை! வளைவு எந்தப் பக்கம் வரும் என்று ஓட்டுகிறவரின் மூளைக்கு முன்கூட்டியே தெரிவதால், அவருக்குத் தலைசுற்றுவது அபூர்வமாம். கியரை மாற்றி, ஹாரன் அடித்து, மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று இவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, டம்டம் பாறைக்கு வந்துவிட்டோம். எதிரே தலையாறு அருவி, வெள்ளை நூல் தொங்குவது போல. 297 மீட்டர்; தமிழ்நாட்டிலேயே உயரமானது. கீழே மஞ்சளாறு அணை. கேரட் விற்ற பாட்டி, "மகராசி, நீயா ஓட்டியாந்தே?" என்று இரண்டு கேரட் கூடுதலாகப் போட்டாள்.

ஏரி, படகு எல்லாம் எல்லோரும் எழுதியதுதான், விட்டுவிடுகிறேன். மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்த பிறகே பூம்பாறை ரோட்டில் கிளம்பினோம். ஒரு திருப்பத்தில் இவர், "நிறுத்து, நிறுத்து" என்றார். சரிவு முழுக்க ஊதா கலந்த நீலம். தனியாக ஒரு பூவைப் பார்த்தால் சின்ன மணி மாதிரி சாதாரணம்தான். கூட்டமாகப் பார்க்கும்போதுதான் பேச்சு நின்றுவிடுகிறது. ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. விதை விழுந்தால்தானே அடுத்த முறை? "2030-இல் நம்ம பொண்ணுக்கு இருபத்தி நாலு" என்றேன். "எனக்கு அறுபது" என்றார் இவர். "மணிக்குச் சாப்பிட்டா வரலாம்" என்றேன்.

பூம்பாறையில் படிப்படியான வயல்களில் பூண்டு. ரெண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கினேன். சின்னப் பல், காரமும் மணமும் தூக்கல். இப்போது போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது பாதி வழி நான், பாதி வழி இவர். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். வழியில் மலைவாழைப்பழம் ஒரு சீப்பு. இவருக்கு அரைப் பழம், எனக்கு ஒன்றரை. மணி சரியாகப் பன்னிரண்டரை ஆனதும், நான் சொல்லாமலே வண்டி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது.